கொழிஞ்சாம்பாறை வெயிலுக்கு ஜப்பான் வீட்டுப் பழக்கம் – டெரஸ் வீட்டில் எங்கிருந்து தொடங்கலாம்?

கிழக்குக்காத்து (கொழிஞ்சாம்பாறை)

எல்லாருக்கும் வணக்கமுங்க. எங்களுது டெரஸ் வீடு. சிட்டவுட், அதாவது வாசல்ல இருக்கற திறந்த வராந்தா, மேற்குப் பார்த்தது. மாசி முடியறதுக்குள்ளயே மதியம் ரெண்டு மணிக்கு மேல ஹால்ல உட்கார முடியறதில்ல. ராத்திரி படுத்தா சீலிங்ல இருந்து சூடு இறங்கிட்டே இருக்கு. ஒரு பெட்ரூம்ல ஏசி போட்டிருக்கோம். சாயங்காலம் ஆச்சுன்னா குடும்பமே அந்த ஒரு ரூமுக்குள்ள கதவைச் சாத்திக்கிட்டு ஆளுக்கொரு போனோட கிடக்கறோம். கோடைன்னா இதுதான்னு புள்ளைங்க நெனச்சு வளர்றது எனக்குப் பிடிக்கல.

ஜப்பான்ல கோடைக்குன்னே வீட்டை வேற மாதிரி மாத்தி வெக்கறாங்கன்னு படிச்சேன். நாணல் தட்டி, தரையில பாய், காத்துல சத்தம் போடற சின்ன மணி, வாசல்ல தண்ணி தெளிக்கறது. படத்தைப் பார்க்கறப்பவே மனசு குளுந்துருது. ஆன்லைன்ல ஜப்பான் ஸ்டைல்னு ஒரு கூடை சாமான் விக்கறாங்க. அதை வாங்கி அடுக்கறதுல எனக்கு விருப்பம் இல்லைங்க. வீட்ல மாமியாருக்கு எழுபத்தஞ்சு வயசு, அவங்களுக்கும் சேர்த்து யோசிக்கணும். அனுபவப்பட்டவங்க சொல்லுங்க, நம்ம பாலக்காட்டுச் சித்தூர் தாலுக்கா வெயிலுக்கு இதெல்லாம் நடக்குமா? நடக்கும்னா முதல்ல எது?

---

மூங்கில்தட்டி (சித்தூர்)

நடக்கும் சகோதரி. வேலை விஷயமா சில வருஷம் ஜப்பான்ல இருந்தவன் நான். முதல்ல குமகாயா, பிறகு கியோத்தோ. குமகாயாவுல 2018 ஜூலை 23-ம் தேதி 41.1 டிகிரி பதிவாச்சு, அன்னிக்கு வரைக்கும் அந்த நாட்டுலயே அதிகபட்சம் அதுதான். நம்ம பக்கம் 2016 ஏப்ரல்ல மலம்புழையில 41.9. அதனால "அது குளிர் தேசம், அவங்க பழக்கம் நமக்கு ஒத்து வராது"ங்கற பேச்சை முதல்லயே தள்ளி வெச்சிருங்க. அவங்க கோடை ஈரமும் சேர்ந்த கோடை. சட்டை உடம்போட ஒட்டிக்கிட்டே இருக்கும்.

கியோத்தோவுல ஒரு பழைய வீட்டோட பின்கட்டுல வாடகைக்கு இருந்தேன். அந்த மாதிரி வீட்டை மாச்சியான்னு சொல்லுவாங்க. தெருப்பக்கம் குறுகல், உள்ளே நீளம். வீட்டுக்கார அம்மாவுக்கு எண்பதை ஒட்டின வயசு. ஜூன் வந்தா ஒரு காலைப்பொழுது முழுக்க வீட்டைக் கழட்டி மாட்டுவாங்க. காகிதம் ஒட்டின தள்ளுகதவு எல்லாம் உள்ளே போகும். அதே சட்டத்துல நாணல் கோத்த கதவு வந்து உட்காரும். தரைப்பாய் மேல பிரம்பு விரிப்பு. உட்கார்ற திண்டுக்கு மொடமொடன்னு ஒரு சணல்துணி உறை. சுவர்ல தொங்கற படம்கூட மாறிரும். செப்டம்பர் கடைசியில மறுபடி பழைய கதவு.

அந்த நாணல் கதவைக் கிட்ட இருந்து பார்த்திருக்கேன். ஈர்க்குச்சி கனத்துக்கு ஒவ்வொரு நாணலும் தனித்தனியா நிக்கும். உள்ளே இருந்து பார்த்தா வெளிமுற்றம் தெரியும், வெளியே இருந்து பார்த்தா உள்ளே ஆள் இருக்கறது தெரியாது. கதவு மாறின உடனே அறை இருட்டும். கண்ணு கூசறது நிக்கும். தெர்மாமீட்டர் இறங்கறதுக்கு முன்னாடியே உடம்பு தணிஞ்சிரும். அந்த அம்மா அன்னிக்குப் புதுசா எதையும் வாங்கல. வீட்ல இருந்ததுல பாதியை உள்ளே எடுத்து வெச்சாங்க.

நான் சொல்ல வர்றது இதுதான். ஜப்பான்ல இருந்து நாம எடுத்துக்க வேண்டியது அவங்க சாமானை இல்லை. வருஷத்துக்கு ரெண்டு தடவை வீட்டையே பருவத்துக்குத் தக்கன மாத்தற பழக்கத்தை எடுத்துக்கணும். நம்ம வீட்ல சித்திரையிலயும் கார்த்திகையிலயும் ஒரே கர்ட்டன், ஒரே சோபா, ஒரே ட்யூப்லைட். அங்கதான் கோளாறு.

உங்க வீட்டுக்கு முதல் வேலை மேற்குப் பக்கம். ஜன்னலுக்கும் சிட்டவுட்டுக்கும் வெளிப்பக்கமா தட்டி தொங்கவிடுங்க. கண்ணாடிக்கு உள்ளே கர்ட்டன் போட்டா வெயில் ஏற்கனவே வீட்டுக்குள்ள வந்திருச்சுன்னு அர்த்தம், சூடாகற கர்ட்டன் அந்தச் சூட்டை அறைக்குள்ளதான் விடும். வெளியே தட்டி இருந்தா அது வெளியிலயே சூடாகி வெளிக்காத்தோட போயிரும். ஜப்பான்ல சுதாரேங்கற தொங்குதட்டியை வெளியே மாட்டறதும், யோஷிசுங்கற ஆளுயரத் தட்டியை இறவாரத்துல சாய்ச்சு நிறுத்தறதும் இதுக்குத்தான். சுவருக்கும் தட்டிக்கும் நடுவுல ஒரு சாண் இடைவெளி கட்டாயம்.

---

ரேழி (கல்பாத்தி)

மூங்கில்தட்டி சொல்றது எல்லாம் வாஸ்தவம். ஆனா கியோத்தோ வரைக்கும் எதுக்குப் போகணும்னு எனக்குத் தோண்றது. எங்க அக்ரஹாரத்து வீடும் அதே அமைப்புதானே. வாசல் குறுகல், அடுத்த வீட்டோட பொதுச்சுவர், திண்ணை, ரேழி, கூடம், நடுமுற்றம், இரண்டாங்கட்டு, கொல்லை. ரெண்டு பக்கமும் அடுத்த வீட்டுச் சுவர் இருக்கிறதால பக்கச் சுவர்ல வெயிலே படாது. சாயங்காலம் முற்றத்துல ஒரு அண்டா ஜலத்தைக் கொட்டிக் கழுவி விட்டா, வாசல்ல இருந்து கொல்லை வரைக்கும் காத்து ஓட ஆரம்பிக்கும். எங்க பாட்டி கோடையில பஞ்சு மெத்தையைச் சுருட்டிப் பரண்ல போட்டுட்டுப் பாய்லதான் படுப்பா. இதெல்லாம் நாமே விட்டது. இப்போ ஜப்பான் பேர் சொன்னாத்தான் நம்ம பாய்க்கு மரியாதையா?

---

மூங்கில்தட்டி (சித்தூர்)

ரேழி மாமா, உங்க கோபம் நியாயம். உங்க வீட்டு அமைப்பும் மாச்சியாவும் ஒண்ணுதான்னு நானும் சொல்வேன். அவங்களும் வீட்டு நடுவுல ஒரு சின்னத் தோட்டம் விட்டு, அதுல தண்ணி தெளிச்சுக் காத்தை வரவழைப்பாங்க. கோடைக்குப் படுக்கையை மாத்தறது உங்க பாட்டிக்கும் அந்த அம்மாவுக்கும் பொது.

வித்தியாசம் ஒண்ணு இருக்கு. அங்கேயும் நிறையப் பேர் விட்டுட்டாங்க, ஏசி இல்லாத வீடு அங்கே அபூர்வம். ஆனா விட்டதைத் திருப்பி எடுக்கத் தெரியுது. 2005-ல அரசாங்கமே கூல் பிஸ்னு ஒரு இயக்கம் நடத்தி, ஆபீஸ்ல ஏசியை 28 டிகிரிக்குக் கீழே இறக்காதீங்க, கோட்டு டையைக் கழட்டுங்கன்னு சொல்லுச்சு. 2011 மார்ச் நிலநடுக்கத்துக்குப் பிறகு கரண்ட் பற்றாக்குறை வந்தப்போ, ஊரெல்லாம் மறுபடி நாணல் தட்டியும் விசிறியும் கொடிப்பந்தலும் வெளியே வந்துச்சு. பாட்டி காலத்துப் பொருள்னு யாரும் வெக்கப்படல. அந்த மனசு நமக்கு வந்தா போதும், பேர் ஜப்பான்னு இருந்தா என்ன, கல்பாத்தின்னு இருந்தா என்ன.

---

எருத்தேம்பதி

தண்ணி தெளிக்கறதைப் பத்தி ஒரு வார்த்தை. எங்க பஞ்சாயத்துல கோடை வந்தா டேங்கர் லாரி எப்போ வரும்னு குடத்தோட காத்துக் கிடக்கறோம். போர்வெல் வறண்டு போச்சு. மழைமறைவு பூமி இது. கல்பாத்திக்காரங்களுக்குப் புழை பக்கத்துல ஓடுது, அண்டா அண்டாவா கொட்டலாம். வடகரப்பதி, எருத்தேம்பதி பக்கம் வந்து வாசல்ல தண்ணி ஊத்துனா, பார்க்கறவங்க வயிறு எரியும். அழகுக்காக ஒரு சொட்டு தண்ணி வீணாக்கறதையும் நான் ஒத்துக்க மாட்டேன்.

---

ரேழி (கல்பாத்தி)

சரியான பேச்சு. ஜலக்கஷ்டம் உள்ள ஊருக்கு அது பொருந்தாது. ஒத்துக்கறேன்.

---

மூங்கில்தட்டி (சித்தூர்)

பொருந்தாதுன்னு அப்படியே விட்றாதீங்க. தோக்கியோவுல 2003-ல இருந்து கோடையில ஊர்மக்கள் ஒரே நேரத்துல தெருவுல தண்ணி தெளிக்கற இயக்கம் ஒண்ணு நடக்குது. பேரு உச்சிமிசு. அதுல முக்கியமான விதியே குழாய்த் தண்ணி எடுக்கக் கூடாதுங்கறதுதான். குளிச்ச தொட்டியில மிச்சம் இருக்கற தண்ணி, தேக்கி வெச்ச மழைத்தண்ணி, இப்படி ஏற்கனவே ஒரு வேலை செஞ்ச தண்ணியா இருக்கணும்.

கணக்கையும் பாருங்க. ஒரு லிட்டர் தண்ணி ஆவியாகறதுக்குச் சுமார் 2,400 கிலோஜூல் சூடு வேணும். கரண்ட் கணக்குல முக்கால் யூனிட்டுக்குக் கொஞ்சம் குறைவு. அந்தச் சூட்டைத் தரையில இருந்தும் காத்துல இருந்தும்தான் தண்ணி எடுத்துக்குது. அரிசி கழுவின தண்ணி, காய் அலசின தண்ணி, வாஷிங் மெஷின்ல கடைசி அலசல் தண்ணி, இது எல்லா வீட்லயும் தினமும் இருக்கு. கையால தெளிச்சா அரை வாளி போதும், ஊத்த வேண்டாம்.

நேரம் முக்கியம். காலையில வெயில் ஏறும் முன்னாடி, இல்லைன்னா சாயங்காலம் நிழல் விழுந்த பிறகு. உச்சி வெயில்ல கொதிக்கற சிமெண்ட் தரையில தெளிச்சா நிமிஷத்துல ஆவியாகி வீட்டைச் சுத்தி வேக்காடுதான் மிஞ்சும்.

இதுல நமக்கு அவங்களைவிட ஒரு வசதி உண்டு. மாசி, பங்குனியில பாலக்காட்டுக் கணவாய் வழியா வர்ற கிழக்குக் காத்து காய்ஞ்ச காத்து. காய்ஞ்ச காத்துலதான் தண்ணி வேகமா ஆவியாகி நல்லா குளிர வெக்கும். வெட்டிவேர் தட்டியைக் கிழக்கு ஜன்னல்ல கட்டி நனைச்சு விட்டா, அந்த ரெண்டு மாசமும் அற்புதமா வேலை செய்யும். இங்கே ராமச்சம்னு கேட்டா நாட்டு மருந்துக் கடையிலயே கிடைக்கும். வைகாசி பிறந்து மேற்கே மேகம் கூடி காத்துல ஈரம் ஏறிருச்சுன்னா நனைக்கறதை நிறுத்திருங்க. அப்புறம் புழுக்கம்தான் கூடும்.

---

எருத்தேம்பதி

அலசல் தண்ணின்னா சரி. எங்க வீட்ல அது தென்னைக்குப் போகுது, அதுல பாதி வாசலுக்குப் போனா தென்னை கோவிச்சுக்காது. ஆனா குழாயைத் திறந்து விடறவங்களைக் கண்டா நான் சண்டைக்குத்தான் வருவேன்.

---

சிவப்புத்தரை (கோபாலபுரம்)

கொத்தனார் வேலை பார்க்கறவன்ங்க நான். தட்டி, மணி எல்லாம் நல்லதுதான். ஆனா டெரஸ் வீட்ல மேலே பார்க்காம கீழே எது செஞ்சாலும் அரைகுறைதான்.

ஜப்பான் நமக்கு ரொம்ப வடக்கே இருக்கு. அங்கே கோடையில கூட மதிய வெயில் தெற்குப் பக்கம் கொஞ்சம் சாஞ்சுதான் விழும். நீளமா இறவாரம் இறக்கிட்டா சுவருக்கு நிழல் வந்துரும். நமக்கு ஏப்ரல் 18 வாக்குல சூரியன் நேர் உச்சந்தலைக்கு மேல வந்துருது. கூரைதான் முழுசா வாங்குது. கான்கிரீட் பகல் பூரா சூட்டைக் குடிச்சு வெச்சுக்கிட்டு ராத்திரி கீழே விடும். அம்மிணி சொன்ன சீலிங் சூடு அதுதான்.

காசு இருந்தா டெரஸ் மேல ட்ரஸ் (இரும்புச் சட்டம்) அடிச்சு ஓடோ ஷீட்டோ போடலாம், நம்ம பக்கம் பாதி வீட்ல அதுதான் இருக்கு. ஷீட்டுக்கும் கான்கிரீட்டுக்கும் நடுவுல காத்துப் போற மாதிரி நாலு பக்கமும் திறந்து விடணும். அங்கேயே சாமான் போட்டு அடைச்சுட்டா பிரயோஜனம் இல்ல. காசு இல்லைன்னா வெள்ளைச் சுண்ணாம்பு ரெண்டு கோட். வெள்ளை வெயிலைத் திருப்பி அனுப்பிரும். மழைக்குக் கரையும், வருஷா வருஷம் மாசியில அடிக்கணும். அதுவும் வேண்டாம்னா தென்னங்கீத்து பின்னி டெரஸ்ல பரப்புங்க, அடியில செங்கல் வெச்சுத் தூக்கி. தீப்பொறி படாம பார்த்துக்கணும்.

---

கிழக்குக்காத்து (கொழிஞ்சாம்பாறை)

இவ்வளவு விஷயம் வரும்னு நெனைக்கலைங்க. சுண்ணாம்பு இந்த வாரமே அடிக்கறோம். ட்ரஸ் அடுத்த வருஷம்.

பாயைப் பத்தி ஒரு கேள்வி. ஆன்லைன்ல ஜப்பான் ததாமி மெத்தைன்னு விக்கறாங்க, விலையைக் கேட்டா மூச்சு நிக்குது. அது இல்லாம நடக்குமா? எங்க ஹால்ல பழைய மாதிரி சிவப்பு ஆக்சைடு தரைதான் போட்டோம்.

இன்னொண்ணு, அந்த மணி. எங்க ஊர்க் காத்துக்கு அது எப்படி?

---

பாய்க்காரர்பேத்தி (வண்ணாமடை)

அக்கா, ததாமி வாங்கவே வாங்காதீங்க. உள்ளே வைக்கோல் அடைச்சுக் கனமா தைச்ச பாய் அது. இடவப்பாதி மழை, அதான் தென்மேற்குப் பருவமழை, வந்தா நம்ம ஊர்ல பூஞ்சணம் பிடிச்சுரும், தூக்கி வெயில்ல போடறதும் கஷ்டம். ஜப்பான்லயே அதைக் காத்தாட வெச்சு ரொம்பப் பாடுபட்டுப் பராமரிக்கறாங்க. மேலே நெய்யற புல் பெரும்பாலும் குமமோத்தோ பக்கம் விளையறது.

ஆக்சைடு தரைதான் உங்களுக்குப் பெரிய வரம். அது மேல ஒரு கோரைப்பாய் போதும். திருச்சூர் மாவட்டத்துல கிள்ளிமங்கலம்னு ஒரு ஊர், அங்கே நெய்யற புல்பாய் சன்னமா, ஓரத்துல சாயம் ஏத்தின கோடு வெச்சு அவ்வளவு லட்சணமா இருக்கும். பத்தமடைப் பாய் இன்னும் சன்னம். கை வெச்சுப் பாருங்க, நல்ல கோரைப்பாய்ல கோரை முனை உள்ளங்கையில குத்தாது. ஓரம் மடிச்சு நெய்திருப்பாங்க, துணி வெச்சுத் தைச்சிருந்தா அது சீக்கிரம் பிரியும். பிளாஸ்டிக் பாயைக் கிட்டயே சேர்க்காதீங்க, முதுகு வேர்த்து ஒட்டும்.

சோபாவை மூணு மாசத்துக்கு உள் ரூமுக்குத் தள்ளிட்டு எல்லாரும் தரையில உட்காருங்க. சூடான காத்து மேலே நிக்கும், தரை எப்பவும் ஒரு படி குளுமை. மழை தொடங்கறதுக்கு முன்னாடி பாயை நல்ல வெயில்ல காய வெச்சு, வேப்பிலை போட்டுச் சுருட்டிருங்க.

---

மூங்கில்தட்டி (சித்தூர்)

பாய்க்காரர்பேத்தி சொன்னதுக்கு மேல ஒண்ணும் இல்லை. மாமியாருக்குத் தரையில உட்கார முட்டி ஒத்துக்கலைன்னா ஒரு தாழ்வான கயித்துக் கட்டில். அடியில காத்துப் போகும், மெத்தையே வேண்டாம்.

மணி விஷயம் எனக்கு ரொம்பப் பிடிச்ச விஷயம், கொஞ்சம் நீட்டிச் சொல்றேன். அங்கே 'ஃபூரின்'னு பேர். ரெண்டு வகை பிரபலம். கண்ணாடியில ஊதிச் செய்யறது ஒண்ணு, அதுல விளிம்பை வழவழப்பாக்காம சொரசொரப்பாவே விடுவாங்க, நாக்கு உரசறப்போ வர்ற அந்தச் சத்தத்துக்காக. படத்தை உள்பக்கமா வரைவாங்க. இன்னொண்ணு இவாத்தே பக்கம் வார்ப்பிரும்புல செய்யற நம்பு மணி, அதோட கார்வை ரொம்ப நேரம் நிக்கும். ரெண்டுக்கும் நாக்குல இருந்து ஒரு காகிதப் பட்டை தொங்கும். காத்தை வாங்கறது அந்தப் பட்டைதான், மணி இல்லை. பட்டை பெருசானா சின்னக் காத்துக்கும் அடிக்கும், சிறுசானா பெரிய காத்துக்கு மட்டும் அடிக்கும்.

நம்ம ஊர்க் காத்து கணவாய்க் காத்து. அங்கே வாங்கின மணியை அப்படியே மாட்டுனா ஓயாம அடிச்சுத் தலைவலிதான் வரும். நான் செஞ்சது, அப்பா காலத்துல எங்க எருது கழுத்துல கட்டியிருந்த வெண்கல மணி ஒண்ணு. நாக்குல நூல் கட்டி, காகிதத்துக்குப் பதிலா பனையோலை நறுக்கு, ரெண்டு விரல் அகலம். ஓலை கனம்கறதால லேசான காத்துக்கு அசையாது. சாயங்காலம் காத்து திரும்பறப்போ ஒரு தடவை, கொஞ்சம் விட்டு ஒரு தடவை. காத்து வருதுன்னு காது சொல்லிருது, உடம்பு அதை நம்புது. ராத்திரி கழட்டி உள்ளே வெச்சிருவேன். ஜப்பான்லயும் பக்கத்து வீட்டுத் தொந்தரவை நெனச்சு ராத்திரியில எடுத்து வெக்கறவங்க உண்டு.

---

கோவைக்கொடி (வேலந்தாவளம்)

காய்கறி விவசாயம்ங்க நமக்கு. கொடிப்பந்தல்னு ஒரு வரி வந்துச்சே, அதைப் பிடிச்சுக்கறேன். ஜப்பான்ல பள்ளிக்கூடம், ஆபீஸ் ஜன்னல் எல்லாம் பாகல் கொடி ஏத்தி விடறாங்க. பச்சைக் கர்ட்டன்னு சொல்றாங்க. நம்ம பாகக்காயேதான். இலை நெருக்கமா அடுக்குறதால வெயில் உள்ளே வராது. இலை தண்ணியை ஆவியா விடறதால கொடி வழியா வர்ற காத்தும் தணிஞ்சு வரும். தட்டி வெயில்ல கிடந்தா சூடேறும், இலை அந்த அளவுக்குச் சூடேறாது. அதுதான் கொடியோட விசேஷம்.

நம்ம ஊருக்கு நான் பாகலைச் சொல்ல மாட்டேன். கோடையில தண்ணி நிறையக் கேட்கும், பழ ஈ வேற. கோவைக்காய் போடுங்க. வாட்டத்தைத் தாங்கும், ஒரு தடவை பிடிச்சுட்டா வருஷக்கணக்குல நிக்கும். விதை வேண்டாம், பென்சில் கனத்துல ஒரு முழம் தண்டு வெட்டி நட்டாப் போதும். இப்போ நட்டா இந்த வருஷக் கோடைக்கு முழு நிழல் கிடைக்காது, அதைச் சொல்லிடறேன். மழைக்குத் தழைச்சு அடுத்த வருஷம் மாசிக்கு நிழல் தயாரா இருக்கும். சிட்டவுட் சன்ஷேட்ல இருந்து தரைக்குச் சாய்வா நைலான் வலை இழுத்துக் கட்டுங்க. சுவரோட ஒட்டிக் கட்டினா பல்லியும் எறும்பும் நேரா வீட்டுக்குள்ள வரும். பாத்திரம் கழுவற தண்ணியில சோப்பு அதிகம் இல்லாத கடைசி அலசலைக் கொடிக்கு விட்டா எருத்தேம்பதி அண்ணனுக்கும் சந்தோஷம்.

வாரம் ரெண்டு தடவை மெழுக்குப்புரட்டிப் பொரியலுக்குக் காய் சும்மா கிடைக்கும்.

---

வார்டுஅக்கா (பாலக்காடு)

ஆஸ்பத்திரியில நர்ஸ் வேலை பார்க்கறேன். எல்லாரும் அழகாப் பேசிட்டு இருக்கீங்க, ரசிச்சுத்தான் படிச்சேன். ஆனா எழுபத்தஞ்சு வயசு அம்மான்னு படிச்சதும் எழுதாம இருக்க முடியல.

வயசானவங்களுக்குத் தாகம் அவ்வளவாத் தெரியாது, வேர்வையும் குறைவா வரும். உடம்பு சூடானது அவங்களுக்கே தெரியாம போகும். ஜப்பான்ல வெயில் தாக்கி இறக்கறவங்கள்ல பெரும்பாலும் முதியவங்கதான், அதுவும் பல பேர் வீட்டுக்குள்ளயே, ஏசியைப் போடாம. மணிச்சத்தம் மனசைக் குளிர வெக்கும், உடம்புச் சூட்டை இறக்காது. அந்த வித்தியாசம் அவங்க விஷயத்துல ரொம்பப் பெருசு.

40 டிகிரியை ஒட்டிப் போற மதியத்துல ஃபேன் மட்டும் போதாது, அது சூட்டுக் காத்தைத்தான் மேலே அடிக்கும். அப்போ ஈரத்துணியால கை, கழுத்து, கால் துடைச்சு விட்டு ஃபேன் போடுங்க. இல்லைன்னா ஏசி ரூம்ல ரெண்டு மூணு மணி நேரம் படுக்க வையுங்க. 27, 28-ல வெச்சாலே போதும். கேட்காமயே மணிக்கொரு தடவை தண்ணி கொடுங்க, இருதயம், கிட்னி தொந்தரவு இருந்தா அளவு டாக்டர்கிட்ட கேட்டுக்கோங்க. பேச்சுக் குழறினாலோ, ஆள் தடுமாறினாலோ, உடம்பு கொதிச்சாலோ, மயங்கினாலோ அது சூர்யாகாதம், அதாவது ஹீட் ஸ்ட்ரோக். தண்ணி ஊத்தி உடம்பைக் குளிர வெச்சுக்கிட்டே 108-க்குக் கூப்பிடுங்க.

இன்னொண்ணு. ஜப்பான் படத்துல எல்லாம் கல்தொட்டியில தண்ணி, மண்சட்டியில மீன்னு பார்த்துட்டு வைக்க ஆசைப்படுவீங்க. நம்ம ஊர்ல தேங்கின தண்ணின்னா டெங்கு. கப்பி மீன் விடுங்க, இல்லைன்னா வாரத்துக்கு ஒரு தடவையாவது தேய்ச்சுக் கழுவித் தண்ணி மாத்துங்க.

---

கிழக்குக்காத்து (கொழிஞ்சாம்பாறை)

வார்டுஅக்கா, ரொம்ப நன்றிக்கா. அத்தை தண்ணி கேட்கவே மாட்டாங்க, நீங்க சொன்னதும் தான் புரியுது. ஏசியை விக்கற எண்ணம் இல்லை. மதியம் அத்தைக்கு, சாயங்காலம் எல்லாரும் வெளியே, அப்படி வெச்சுக்கறோம்.

சாயங்காலம் சிட்டவுட்ல உட்கார்ந்தா கொசுதான் எழுப்பி விடுது. அதுக்கு என்ன செய்யறீங்க?

---

ரேழி (கல்பாத்தி)

கொசுவர்த்திச் சுருளே ஜப்பான் கொடுத்ததுதான், தெரியுமோ. உவேயாமா எய்ச்சிரோன்னு ஒருத்தர் 1890-ல பூவுல இருந்து எடுத்த பொடியை ஊதுவத்தி மாதிரி குச்சியாப் பண்ணினார். அது சீக்கிரம் எரிஞ்சு தீர்ந்துடும். சுருளாப் பண்ணினா நீளமா எரியுமேன்னு யோசனை சொன்னது அவர் ஆத்துக்காரி, 1895-ல. கடைக்கு வந்தது 1902. அதைத் திறந்த திண்ணையில வைக்கறதோட சரி. ரூமுக்குள்ள கதவைச் சாத்திண்டு கொளுத்தப்படாது, புகை நெஞ்சுக்கு ஆகாது. படுக்கைக்குக் கொசுவலைக்கு மிஞ்சி ஒண்ணும் கிடையாது. வெள்ளைப் பருத்தி வலையைக் கட்டிண்டு, ஜன்னலைத் திறந்து வெச்சுண்டு படுத்துப் பாருங்கோ.

அப்புறம், சாயங்காலம் வெள்ளை ட்யூப்லைட்டை அணைச்சுடுங்கோ. மஞ்சள் பல்பு ஒண்ணு, தாழ்வா, மூலையில. வெளிச்சம் மேலேருந்து கொட்டாம இருந்தாலே பேச்சு மெதுவாயிடும், குழந்தைகள்கூடக் கத்தாது. இதை நான் ஜப்பான்காராகிட்ட இருந்து கத்துண்டேன்னே வெச்சுக்கோங்கோ, இனிமே அதுல எனக்கு ஆட்சேபம் இல்லை.

---

பாய்க்காரர்பேத்தி (வண்ணாமடை)

குடிக்கறதுக்கு யாரும் ஒண்ணும் சொல்லலையே! ஜப்பான்ல கோடை பூரா வறுத்த பார்லியை ஊறப்போட்ட தண்ணிதான் ஃபிரிட்ஜ்ல இருக்குமாம், காபி டீ மாதிரி தூக்கம் கெடாது. மளிகைக் கடையில கிடைக்கற பார்லியை எண்ணெய் விடாம கருஞ்சிவப்பா வறுத்து, கொதிக்கற தண்ணியில போட்டு ஆற வெச்சு வடிகட்டுனா வந்துருது. மண்பானையில ஊத்தி வெச்சா இன்னும் நல்லாருக்கு. எங்க அம்மாவுக்குப் பிடிக்கல, பதிமுகக் கட்டை போட்டுக் கொதிக்க வெச்ச தண்ணிதான் வேணும்னுட்டாங்க. ரெண்டும் வெச்சிருக்கோம். நுங்கு இறங்கற வரைக்கும் இதுதான்.

---

மூங்கில்தட்டி (சித்தூர்)

கிழக்குக்காத்து, வெள்ளிக்கிழமை பொள்ளாச்சிக்குத் தட்டி வாங்கப் போறேன். உங்க ஜன்னல் அளவு அனுப்புங்க, சேர்த்தே சொல்லிடறேன். ஜன்னல் அகலத்தை மட்டும் அளக்காதீங்க, ரெண்டு பக்கமும் அரையடி கூட்டுங்க. சாயங்கால வெயில் பக்கவாட்டுல இருந்துதான் நுழையும். உயரம் சன்ஷேட் அடியில இருந்து ஜன்னல் கட்டைக்குக் கீழே ஒரு சாண் வரைக்கும். பிவிசி தட்டி மலிவா இருக்கும், வேண்டாம், அது வெயில்ல காய்ஞ்சு நாறும். மூங்கில் பிளாச்சுல தோல்பக்கம் வெளியே பார்க்கற மாதிரி கோத்திருக்கறதைத்தான் எடுப்பேன், அது மழைக்கும் சீக்கிரம் கறுக்காது. கயிறு நைலான் வேண்டாம்னு நெனைக்கறேன், நார்க்கயிறு போட்டுத் தரச் சொல்லவா?

---

கிழக்குக்காத்து (கொழிஞ்சாம்பாறை)

நார்க்கயிறே போடச் சொல்லுங்கண்ணா. ஜன்னல் ரெண்டும் நாலடி அகலம், நாலரை அடி உயரம். சிட்டவுட் பன்னிரண்டு அடி, அதை ஒரே தட்டியா வாங்கறதா, மூணா வாங்கறதா?

---

சிவப்புத்தரை (கோபாலபுரம்)

மூணா வாங்குங்க அம்மிணி. பன்னிரண்டு அடியை ஒரே தட்டியாச் சுருட்டித் தூக்க ரெண்டு ஆள் வேணும், காத்துக்குக் கொக்கியையும் பிடுங்கிரும். அடியில ரெண்டு ஓரத்தையும் தூண்ல கட்டறதுக்கு வளையம் வெச்சு வாங்குங்க. கொக்கி அடிக்க ட்ரில் மெஷின் நான் கொண்டு வர்றேன்.